நாற்பது நாள் யாத்திரை

விபூதிப் புதனன்று கத்தோலிக்க மக்கள் தவக்காலத்தைத் தொடங்குகின்றனர். ஏனைச் சபையார் லெந்து காலம் என்பதும் இதனையே. ஈஸ்டர் வரையுள்ள நாள்களில் ஞாயிறுகளை நீக்கி எண்ணினால் 40. இயேசுநாதர் வனாந்தரத்தில் உபவாசமிருந்த நாள்களின் தொகை அது. இக்காலத்தை ஆத்மிக யாத்திரை எனக் கூறுவது வழக்கம். இதனை நேரிற்கண்டு விரித்தெழுதிய பழைய சாட்சிகளுள் ஒருவர் உண்மையிலேயே ஒரு யாத்திரிகர்.

கி.பி. 325-இல் கூடிய நைசியா சங்கத்தின் விதியொன்றில் 'நாற்பது நாள்' என்ற குறிப்பு வருகின்றது. அதன் பின், அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், எஜீரியா என்னும் மேற்கு நாட்டுப் பெண்மணி எருசலேமில் தங்கித் தாம் கண்டவற்றைத் தம் ஊர்ச் சகோதரிகளுக்கு இலத்தீனில் எழுதினார். முதலும் முடிவும் சிதைந்த அந்நூலின் ஏடு 1884-இல் இத்தாலியின் அரெட்சோ நகரில் கண்டெடுக்கப்பட்டது.

அக்கால எருசலேமில் தவக்காலம் எட்டு வாரம் நீடித்தது. சனி, ஞாயிறுகளில் நோன்பில்லை; ஈஸ்டருக்கு முந்திய சனி மட்டும் விலக்கு. ஆகவே நோன்பு நாள் 41. சிலர் ஞாயிறன்று உண்டபின் அடுத்த சனி வரை உண்ணாதிருந்தனர். சிலர் நாள்தோறும் மாலையில் உண்டனர். மிகுதியாக நோற்றவரைப் புகழ்வாருமில்லை. குறைவாக நோற்றவரைப் பழிப்பாருமில்லை என்று எஜீரியா எழுதுகிறார். நோன்பைப் பற்றி எழுதியவருள் இத்துணை நிதானம் காண்பது அரிது.

ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் பெற விரும்புவோர் முன்னரே பெயர் கொடுத்தனர். மேற்றிராணியார் ஒவ்வொருவரையும் குறித்து அண்டை அயலாரை வினவுவார்: இவர் நல்லொழுக்கம் உடையவரா? பெற்றோரை மதிப்பவரா? குடியரோ, பொய்யரோ? குற்றம் தெரிந்தால், திருந்தி வருக என்று அனுப்பிவிடுவார். அயலூரிலிருந்து வந்தவராயின் ஒரு தடை உண்டு. தம்மை அறிந்தோர் சாட்சி கூறாவிடில் அவருக்கு ஞானஸ்நானம் எளிதிற் கிட்டாது. பிறந்த மண்ணை விட்டு வாழ்வோர்க்கு இவ்விதி சற்றுக் கடுமையாகவே தோன்றும். எனினும், நல்லவன் என்ற பெயரை எவரும் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ள இயலாது என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. வந்தவன் அங்கே முதலில் அயலாரைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

பின்னர் நாள்தோறும் மூன்று மணி நேரம் உபதேசம். ஆதியாகமம் தொடங்கி வேதம் முழுவதையும் மேற்றிராணியார் விளக்குவார். முதலில் நேர்ப்பொருள், அப்பால் ஆத்மிகப் பொருள். ஐந்து வாரம் கழிந்தபின் விசுவாசப் பிரமாணம் கற்பிக்கப்படும். அதனை ஒவ்வொருவரும் மேற்றிராணியார் முன் ஒப்புவித்தல் வேண்டும்.

குருத்து ஞாயிறன்று மாலை ஒலிவ மலையிலிருந்து நகருக்கு அனைவரும் நடந்தே வந்தனர். செல்வச் சீமாட்டிகளும் நடந்தனர்; நடக்கவியலாச் சிறு மகவுகள் பெற்றோர் தோளில் அமர்ந்து குருத்தோலையோ ஒலிவக் கிளையோ ஏந்தின. மக்கள் களைப்புறாதவாறு ஊர்வலம் மெல்ல மெல்லச் சென்றதாம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எமக்கு இந்நூலில் இன்னொரு செய்தி இனிக்கின்றது. மேற்றிராணியார் சிரிய மொழி அறிந்தவராயினும் கிரேக்கத்திலேயே பேசுவார். அருகே நிற்கும் குரு ஒருவர் அதனைச் சிரிய மொழியில் பெயர்த்துரைப்பார். இவ்விரண்டும் அறியாது தொலைவிலிருந்து வந்த இலத்தீன் மக்கள் மனம் வருந்தாதவாறு, கிரேக்கமும் இலத்தீனும் அறிந்த சகோதர சகோதரிகள் அவர்தம் மொழியிலேயே பொருள் கூறினர்.