எர்ட்ஸ்பெர்க்: நூலகத்தில் தூங்கிய செம்பு மலை

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பனி மூடிய மலையைப் பார்த்தேன் என்று 1623-ல் யான் கார்ஸ்டென்ஸ் என்ற டச்சு மாலுமி சொன்னபோது, கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் நியூகினியா தீவில் அந்த மலை இருக்கத்தான் செய்கிறது. உயரம் 4,884 மீட்டர். சுரங்கங்களைப் பற்றி நான் படித்தவற்றுள் மனதை விட்டு அகலாத கதை, இந்த மலையின் பக்கத்தில் நடந்ததுதான்.

1936-ல் கோலைன், விசல், டோஸி என்ற மூன்று டச்சுக்காரர்கள் அந்தப் பனிச் சிகரங்களில் ஏறப் போனார்கள். மூவரில் டோஸி ஜியாலஜி படித்தவர். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், ஒரு பள்ளத்தாக்கில், கன்னங்கரேலென்று ஒரு பெரும் பாறை தனியே நிற்பதைக் கண்டார். அதில் ஆங்காங்கே பச்சைக் கறை. பழைய செப்புக் குடத்தில் களிம்பு ஏறுமே, அதே பச்சைதான். பாறைக்கு ‘எர்ட்ஸ்பெர்க்’, அதாவது தாது மலை என்று பெயர் வைத்தார். சற்றுத் தள்ளிப் புல் மூடிய ஒரு மலை இருந்தது. அதற்கு ‘கிராஸ்பெர்க்’, புல் மலை என்று பெயர்.

அந்தப் பாறை அங்கே வந்தது எப்படி? ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியிலிருந்து எரிகுழம்பு சுண்ணாம்புப் பாறைக்குள் புகுந்தது. அதோடு வந்த கொதிநீர், சுண்ணாம்பைக் கரைத்துவிட்டு அந்த இடத்தில் இரும்பையும் செம்பையும் படியவைத்தது. சுற்றியிருந்த மெல்லிய பாறை தேய்ந்துபோக, கெட்டியான தாது மட்டும் நிமிர்ந்து நின்றது.

டோஸியின் அறிக்கை 1939-ல் அச்சானது. அதே ஆண்டு உலகப் போர் மூண்டது. அறிக்கை நூலகத்தில் இருபது வருஷம் தூங்கியது. 1959-ல் வான் க்ரூய்சன் என்ற டச்சுக்காரர் மூலமாக அது அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட் கம்பெனியைச் சேர்ந்த ஃபோர்ப்ஸ் வில்சன் காதுக்கு எட்டியது. மறுவருஷமே வில்சன் சதுப்பு நிலத்தையும் காட்டையும் கடந்து, நடந்தே மலையேறினார். டோஸி எழுதியது அத்தனையும் மெய் என்று கண்டார்.

இங்கேதான் எனக்கு மனம் உறுத்துகிறது. சுரங்க ஒப்பந்தம் இந்தோனேசிய அரசோடு 1967-ல் கையெழுத்தானது. அந்த மண் இந்தோனேசியாவோடு சேருவதா என்று கேட்கும் வாக்கெடுப்பு நடந்ததோ 1969-ல். அதுவும் பொறுக்கியெடுத்த சுமார் ஆயிரம் பேரிடம் மட்டும். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அமுங்மே மக்களுக்கு அந்தச் சிகரம் தாயின் தலை. நமக்குத் திருவண்ணாமலை எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. அவர்களோடு கம்பெனி உடன்பாடு செய்தது 1974-ல். அதற்கு முன்பே, 1972 கடைசியில், முதல் தாது கப்பலேறிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. டோஸி பெயர் மட்டும் வைத்துவிட்டு வந்த புல் மலையில், 1988-ல் துளையிட்டுப் பார்த்தார்கள். மேல்பகுதியின் செம்பை மழை கரைத்துக் கொண்டுபோயிருந்ததால், வெளியே எந்த அடையாளமும் இல்லை. உள்ளேயோ எர்ட்ஸ்பெர்க்கைப் போலப் பல மடங்கு செம்பு. கூடவே உலகின் மிகப் பெரிய தங்கப் படிவுகளில் ஒன்று!

இன்று எர்ட்ஸ்பெர்க் மலை இல்லை. வெட்டியெடுத்த இடத்தில் தண்ணீர் தேங்கிய பள்ளம் இருக்கிறது. புல் மலையும் பெரும் பள்ளமாகிவிட்டது. ‘கண்டுபிடித்தார்’ என்று டோஸியைப் பற்றிப் புத்தகங்கள் எழுதுகின்றன. அமுங்மே மக்கள் அதைத் தொலைத்ததே இல்லையே. பிறகு கண்டுபிடிப்பது எதை?