பழைய விமானங்களின் மின்கம்பிகள்

தீவிபத்துச் செய்தி எழுதும்போது, ‘மின்னொழுக்கே காரணம் எனக் கூறப்படுகிறது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவது எங்கள் பத்திரிகைத் தொழிலின் பழக்கம். நானும் பலமுறை அவ்வாறு எழுதியிருக்கிறேன். அதே வரியை எழுத அமெரிக்கப் புலனாய்வாளர்களுக்கு ஒருமுறை நான்கு ஆண்டுகள் பிடித்தன.

1996 ஜூலை 17ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து பாரிஸுக்குப் புறப்பட்ட ரி.டபிள்யூ.ஏ. 800 விமானம், 12 நிமிடங்களில் அத்திலாந்திக் கடலுக்கு மேலே வெடித்துச் சிதறியது. 230 பேரும் மாண்டனர். குண்டு என்றனர் சிலர். ஏவுகணை என்றனர் வேறு சிலர். எஃப்.பி.ஐ. 16 மாதங்கள் துருவியும் குற்றச்செயலுக்கான சான்று கிடைக்கவில்லை. கடலடியிலிருந்து மீட்கப்பட்ட துண்டுகள் ஒன்றாகப் பொருத்தப்பட்டன. நடு எரிபொருள் தாங்கியிலிருந்த ஆவியே வெடித்ததென 2000 ஓகஸ்டில் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை அறிவித்தது. தாங்கிக்கு வெளியே ஏற்பட்ட மின்னொழுக்கினால், எரிபொருள் அளவுமானியின் கம்பிவழியே மிகை மின்னழுத்தம் உள்ளே புகுந்திருக்கலாம். பொறி எங்கே எழுந்தது என்பதை அவர்களாலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

அந்த போயிங் 747க்கு அப்போது 25 வயது. ஆனால் முதுமை மட்டுமே குற்றவாளியல்ல. 1998 செப்டெம்பர் 2ஆம் திகதி கனடாக் கரையோரம் 229 பேருடன் வீழ்ந்த சுவிஸ் எயார் 111க்கு ஏழு வயதுதான். அதிலும் கம்பியில் எழுந்த மின்பொறியே தீயைத் தொடக்கியிருக்க வேண்டுமென முடிவாயிற்று.

குறையைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம்? கம்பிகள் கட்டுக்கட்டாகச் சுவர்களுக்குப் பின்னால் மறைந்து ஓடுகின்றன. விலக்கிப் பார்த்தால், நொறுங்கும் நிலையிலுள்ள காப்புறை மேலும் வெடிக்கும். காப்புறை கிழிந்திருந்தாலும் செம்பு அறுபடாதவரை சாதாரண மானி ‘நலம்’ என்றே காட்டும். பறக்கும்போது அதிர்வில் கணநேரம் பொறி எழும். தரையிறங்கியதும் அடையாளமே இராது. பழைய மின்முறிப்பான்களோ நீடித்த மிகை மின்னோட்டத்துக்கு மட்டுமே துண்டிக்கும்.

ராடாரின் தத்துவம் இங்கே கைகொடுத்தது. கம்பியில் ஒரு துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு குறையின் தூரத்தைக் கணிக்கலாம். ஆனால் உராய்ந்த காப்புறையின் எதிரொலி மிக நலிவானது. ஊட்டா பல்கலைக்கழகத்தில் சிந்தியா ஃபர்ஸ் முதலானோர், இரைச்சல்போன்ற மென்சமிக்ஞையை மின்னோட்டமுள்ள கம்பியிலேயே செலுத்தும் முறையை வளர்த்தனர். பொறி எழும் கணத்திலேயே அதன் இடத்தை அறிய அது வழிகாட்டியது. 2007இல் அமெரிக்கா, கம்பித் தொகுதிக்கெனத் தனிப் பராமரிப்பு விதிகளை வகுத்தது.

பொருத்தப்பட்ட அந்த விமானச் சிதைவு வேர்ஜீனியாவில் புலனாய்வாளர்களின் பயிற்சிக்கூடத்தில் நெடுங்காலம் நின்றது. 2021இல் அது பயிற்சியிலிருந்து விலக்கப்பட்டது.