ஹெரால்டு காரும் வீட்டுப் பட்டறையும்

மன்னர்களின் மெய்க்கீர்த்திகளைப் போலவே, மக்கள் நாள்தோறும் கையாண்ட பொருள்களும் வரலாற்றுக்குச் சான்றாகும். கலப்பையும் ஏற்றமும் தஞ்சை மண்ணின் கதையைச் சொல்லும். பழைய மோட்டார் கார் ஒன்றும் அவ்வாறே சொல்லும். நம் மாநிலத்திலேயே உருவாகி, நம் ஊர்த் தெருக்களில் ஓடி, இன்று சில வீட்டுக் கொட்டகைகளில் மட்டும் உயிர்வாழும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் காரின் வரலாற்றை மாணவர்களாகிய உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இதன் பிறப்பிடம் இங்கிலாந்திலுள்ள கவென்ட்ரி நகரம். 1903இல் ரெஜினால்டு மாட்ஸ்லே என்பவர் அங்கு ஸ்டாண்டர்டு கம்பெனியைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அக்கம்பெனி டிரயம்ப் என்ற புகழ்பெற்ற பெயரையும் தனதாக்கிக் கொண்டது. பின்னர் அப்பெயரிலேயே ஸ்போர்ட்ஸ் கார்களையும் செய்து விற்றது.

1953இல் அக்கம்பெனிக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. அதற்குக் கார்களின் மேற்கூட்டைச் செய்து கொடுத்துவந்த ஆலை, போட்டிக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போயிற்று. முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் செய்ய வழியில்லை. எனவே ஹாரி வெப்ஸ்டர் என்னும் தலைமைப் பொறியாளர் வேறொரு வழி கண்டார். அடியில் தனியாக ஓர் இரும்புச் சட்டம். அதன்மேல் பகுதி பகுதியாக வெவ்வேறிடங்களில் செய்து, நட்டும் போல்ட்டும் கொண்டு பூட்டும் கூடு. இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி அதற்கு அழகிய உருவம் அளித்தார். 1959இல் டிரயம்ப் ஹெரால்டு வெளிவந்தது.

அதன் முன்மூடி மட்கார்டுகளோடு சேர்ந்து முன்புறமாகத் திறக்கும். எஞ்சினும் முன்சக்கரங்களும் முழுமையாக வெளியே தெரியும்; பழுது பார்ப்பவர் டயரின்மேல் அமர்ந்தே வேலை செய்யலாம். 25 அடி வட்டத்துக்குள் அது திரும்பிவிடும். இதே சட்டத்தைக் குறுக்கி, 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரையும் அக்கம்பெனியார் செய்தனர். ஆகவே ஹெரால்டைக் கழற்றிப் பூட்டக் கற்றவர், உலகப் புகழ்பெற்ற அந்த ஸ்போர்ட்ஸ் காரின் அடிப்படையையும் கற்றவராகிறார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1948இல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் என்ற கம்பெனி நிறுவப்பட்டது. அதன் ஆலை வண்டலூர்ப் பக்கம் அமைந்தது. ஸ்டாண்டர்டு டென் போன்ற கார்களுக்குப் பின், 1961 முதல் அங்கு ஹெரால்டு உருவாயிற்று. கல்கத்தாப் பக்கத்து அம்பாசடர், பம்பாய் ஃபியட், சென்னை ஹெரால்டு என மூன்று கார்களே அக்காலத்தில் நம் சாலைகளில் பெரும்பாலும் காணப்பட்டன.

இங்கிலாந்தில் ஹெரால்டின் எஞ்சின் படிப்படியாகப் பெரிதாயிற்று; சென்னையிலோ 948 சி.சி. எஞ்சினே தொடர்ந்தது. ஆனால் இங்கிலாந்தில் என்றுமே செய்யப்படாத ஒன்றை நம் பொறியாளர்கள் செய்தனர். குடும்பத்தோடு பயணம் செய்வோர் வசதிக்காக 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவுள்ள ஹெரால்டை உருவாக்கினர். 1972இல் வந்த கெசல் காரில் பின் ஆக்ஸிலின் அமைப்பையே மாற்றினர். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே அசைபவை. வளைவில் விரைந்து சென்று திடீரென்று பிரேக் போட்டால் ஒரு சக்கரம் உட்புறமாக மடங்க முயலும். ஒரே தண்டாக அமைந்த கெசலின் ஆக்ஸில் அக்குறையைப் போக்கிற்று. பிறர் படைத்ததைப் பெற்றோம் என்பதோடு நில்லாமல், அதனைத் திருத்தவும் முனைந்தோம் என்பதற்கு இது சான்றன்றோ!

பிரிட்டனில் ஸ்டாண்டர்டு என்ற பெயர் 1963இல் கைவிடப்பட்டது. சென்னையில் அது மேலும் கால் நூற்றாண்டு வாழ்ந்தது. 1988இல் கார் உற்பத்தி அங்கும் நின்றது. ஆலை மறைந்தபின் எஞ்சிய கார்களைப் பேணும் பொறுப்பு அவற்றை வைத்திருப்போரிடமே வந்து சேர்ந்தது.

தஞ்சையில் என் பழைய மாணவர் ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் ஒரு ஹெரால்டைச் சீர்செய்வதைப் பலமுறை அருகிருந்து கண்டுள்ளேன். காவிரிப் படுகை நெல்லுக்கு உகந்தது, இரும்புக்கு அன்று. ஐப்பசி கார்த்திகை மழையும், வாய்க்கால் ஈரமும், களிமண் சேறும் காரின் அடிச்சட்டத்தை அரித்துவிடும். சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீண்டு கூட்டைத் தாங்கும் இரும்புக் கைகளே முதலில் துருவேறும். அவற்றையெல்லாம் ஒரே நாளில் வெட்டி நீக்கினால் கூடு தொய்ந்து, பின்னர்க் கதவுகள் பொருந்தா. ஆகவே அவர் ஒரு கையை நீக்கிப் புதியதைப் பற்றவைத்து, அளவு சரிபார்த்த பின்னரே அடுத்ததைத் தொட்டார்.

மற்றொரு செய்தி இன்னும் முக்கியமானது. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் தண்டின் கீழ்முனை, ஒரு பித்தளைத் துண்டுக்குள் மறைபோலத் திருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மறை சுழலும். அதற்கு இட வேண்டியது கியர் ஆயில். கெட்டியான கிரீஸ் அன்று. கிரீஸ் மறையின் இடுக்குகளில் புகாது. தண்ணீர் தங்கித் தண்டு துருப்பிடிக்கும். ஒருநாள் அது முறிந்தால் ஓடும் காரின் சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஒரு சிறு எண்ணெய்க் குப்பியின் வேலையில் ஒரு குடும்பத்தின் உயிரே அடங்கியிருக்கிறது.

இவ்வாறு பகுதி பகுதியாக மாற்றியபின் அது பழைய கார்தானா என்று சிலர் வினவலாம். அதற்கு நம் திருவாரூரே விடை கூறும். அங்குள்ள ஆழித்தேர் 1926இல் தீக்கிரையாயிற்று. புதிதாகச் செய்யப்பட்ட தேர் 1930இல் ஓடிற்று. பிற்காலத்தில் இரும்புச் சக்கரமும், திருச்சி பாரத மிகுமின் நிலையத்தாரின் பிரேக்கும் அதற்கு அமைந்தன. எனினும் அதனை ஆழித்தேர் அல்ல என்று எவரும் சொல்வதில்லை. மரம் மாறியது, அளவும் முறையும் அறிந்தவர்களின் மரபு மாறவில்லை. பொருளைத் தொடரச் செய்வது அந்த மரபே.

ஹெரால்டின் மரபோ இன்று மெலிந்து நிற்கிறது. 1960களில் இக்காரில் தொழில் பயின்ற மெக்கானிக்குகள் இப்போது முதியவர்கள். எந்தத் தண்டுக்கு எந்த எண்ணெய், எந்தப் போல்ட்டை எப்போது தளர்த்துவது, எந்த ஓசைக்கு என்ன பொருள் என்பவை கம்பெனியின் கையேட்டில் ஓரளவும், அவர்களின் விரல்நுனியில் பேரளவும் உள்ளன. கையேட்டை மறுபடி அச்சிடலாம். விரல்நுனியை அச்சிட இயலாது.

ஆதலின் மாணவர்களே, உங்கள் ஊரிலுள்ள பட்டறைக்குச் செல்லுங்கள். அங்குள்ள மூத்த மெக்கானிக்கை ஐயா என்று பணிவுடன் அழைத்து, அவர் சொல்வதைத் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள், படமும் வரையுங்கள். அவர் அனுமதித்தால் ஒரு நட்டையேனும் உங்கள் கையால் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். கல்வெட்டைப் படியெடுப்பது எத்தகைய வரலாற்றுப் பணியோ, அத்தகையதே இதுவும். கல்வெட்டு நமக்காகக் காத்திருக்கும். மனிதர் நெடுங்காலம் காத்திருக்க இயலாது.