கண் அறியும், காது அறியாது: ஆங்கில உடைமைப் பன்மையின் வரலாறு

‘மாணவர்கள் சீக்கிரம் கிளம்புவதை நான் எதிர்க்கிறேன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஐ ஆப்ஜெக்ட் டு த ஸ்டூடண்ட்ஸ் லீவிங் அர்லி’ என்கிறோம். இதிலுள்ள ‘ஸ்டூடண்ட்ஸ்’ வெறும் பன்மையா, உடைமைப் பன்மையா? எழுத்தில் எஸ்ஸுக்குப் பின் அப்பாஸ்ட்ரஃபி இருந்தால் உடைமை, இல்லாவிட்டால் வெறும் பன்மை. பேச்சில் இரண்டுக்கும் ஒரே ஒலி. முன்னிடைச்சொல்லை அடுத்து ‘லீவிங்’ போன்ற ஜெரண்ட், அதாவது ‘இங்’ ஈற்றுத் தொழிற்பெயர், வந்தால் அதன் எழுவாயை உடைமை வேற்றுமையில் நிறுத்த வேண்டும் என்று இலக்கண நூல்கள் நீண்ட காலமாக வற்புறுத்தி வந்துள்ளன. பிரதிப்பெயரிலும் ஒருமைப் பெயரிலும் அந்த விதியைக் காதால் சரிபார்க்கலாம். எஸ்ஸில் முடியும் பன்மையில் முடியாது. இந்த விதி ஏன் ஒருபோதும் முழுமையாக நிலைகொள்ளவில்லை என்பதற்கான விடையின் பெரும்பகுதி இந்தப் பன்மையில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பழைய ஆங்கிலத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. கல்லைக் குறிக்கும் ‘ஸ்டான்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கல்லின் என்பதற்கு ‘ஸ்டானெஸ்’, கற்கள் என்பதற்கு ‘ஸ்டானஸ்’, கற்களின் என்பதற்கு ‘ஸ்டான’, கற்களுக்கு என்பதற்கு ‘ஸ்டானும்’ என இவை ஒவ்வொன்றுக்கும் தனி ஈறு இருந்தது. முன்னிடைச்சொற்கள் பெரும்பாலும் நான்காம் வேற்றுமையையோ இரண்டாம் வேற்றுமையையோ ஏற்றன. அவற்றின் பின் உடைமைப் பன்மை வந்தால், அது அடுத்து வரும் பெயரைத் தழுவுவது என்பது ஈற்றைக் கேட்டதுமே புரிந்துவிடும்.

நார்மானியர் வருகையை ஒட்டிய நூற்றாண்டுகளில் அழுத்தம் பெறாத உயிர்கள் தேய்ந்து ஒன்றாயின. ஈறுகளும் அவற்றோடு கரைந்தன. ஒருமை உடைமையின் ‘எஸ்’ எல்லாப் பெயர்களுக்கும் பரவியது. பன்மைக்கும் அதே ‘எஸ்’ பொதுவானது. பன்மை உடைமைக்கென்று இருந்த தனி ஈறு மறைந்தது. ‘எல்லாரிலும்’ என்ற பொருள் தரும் பழைய பன்மை உடைமை மட்டும் ‘ஆல்டர்’ என்ற முன்னொட்டாக உறைந்து நின்றது. ஷேக்ஸ்பியரின் ‘ஆறாம் ஹென்றி’ இரண்டாம் பாகத்தில் வரும் ‘ஆல்டர்லீஃபெஸ்ட்’ அதன் எச்சம்.

ஈறு விட்டுச்சென்ற வேலையை ‘ஆஃப்’ என்ற முன்னிடைச்சொல் ஏற்றுக்கொண்டது. மிஷிகன் பல்கலைக்கழகத்தில் ரசல் தாமஸ் 1931இல் செய்த ஆய்வின்படி, பெயரைத் தழுவும் உடைமைத் தொடர்களில் ‘ஆஃப்’ பெற்ற பங்கு 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் 0.5 விழுக்காடு, 14ஆம் நூற்றாண்டில் 84.4 விழுக்காடு. இதைப் பன்மையின் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். மூன்று வடிவங்கள் ஒரே ஒலியில் விழுந்த பிறகு, ‘அரசர்களின் வீடு’ என்பதை ‘அரசனின் வீடு’ என்பதிலிருந்து பேச்சில் ஐயமின்றிப் பிரிக்க ‘ஆஃப்’ நல்ல வழியாக இருந்தது.

இதே காலத்தில் வினையிலும் ஓர் இணைவு நிகழ்ந்தது. பழைய ஆங்கிலத்தில் தொழிற்பெயரின் ஈறு ‘உங்’ அல்லது ‘இங்’. எச்ச வினையின் ஈறு ‘எண்டெ’. இடைக்கால ஆங்கிலத்தில் பின்னதும், முதலில் தென்பகுதியில், ‘இங்’ ஆனது. தொழிற்பெயர் மெல்ல மெல்ல வினையின் குணங்களைப் பெற்றது. ‘ஆஃப்’ இல்லாமலே செயப்படுபொருளை ஏற்றது, வினையடையை ஏற்றது. இன்று ஜெரண்ட் என்று நாம் அழைப்பது இப்படி உருவானதுதான். அது பெயராக இருந்தவரை அதன் முன் உடைமை நிற்பது இயல்பு. வினையாக மாறத் தொடங்கியதும் எழுவாய் தேடியது. தமிழ் வாசகருக்கு இது விளங்கக் கடினமானதல்ல: ‘மாணவர்களின் வருகை’ என்று உருபோடு சொல்லும் நாம் ‘மாணவர்கள் வருவது’ என்று உருபில்லாமலே சொல்கிறோம்.

இந்த இரண்டு மாற்றங்களும் சந்திக்கும் இடம் எஸ்ஸில் முடியும் பன்மைப் பெயர். முன்னிடைச்சொல், அதன்பின் ‘பாய்ஸ்’, அதன்பின் ‘பிளேயிங்’ என்று வரும் தொடரைக் கேட்பவர், சிறுவர்களது விளையாட்டு என்றும் கொள்ளலாம், சிறுவர்கள் விளையாடுவது என்றும் கொள்ளலாம். பொருளில் இழப்பில்லை. அப்படிக் கேட்டுப் பழகியவர் ஒரு தலைமுறை கழித்து ஒருமைப் பெயரையும் உருபின்றி ஜெரண்டுக்கு முன் வைப்பதில் வியப்பில்லை. பன்மையில் திறந்த வாசல் வழியாகவே புதிய அமைப்பு ஒருமைக்குள் நுழைந்தது என்று கருதுகிறேன். எஸ் ஒலியில் முடியும் ஒருமைப் பெயர்களும் எச்ச வினையோடு ஏற்பட்ட மயக்கமும் இதற்குத் துணைநின்றிருக்கும்.

எழுத்தில்கூட அன்று வேறுபாடு இல்லை. அப்பாஸ்ட்ரஃபி 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, விடுபட்ட எழுத்தைக் காட்டும் குறியாகவே வந்தது. ஒருமை உடைமைக்கு அது ஏறத்தாழ 1700ஐ ஒட்டித்தான் நிலைத்தது. அந்த ‘எஸ்’ என்பது ‘ஹிஸ்’ என்பதன் சுருக்கம் என்ற பிழையான நம்பிக்கை வேறு பரவியிருந்தது. ஜோசப் அடிசன் 1711இல் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் அப்படியே எழுதினார். ஆனால் ஆக்ஸ்ஃபர்டின் கணித அறிஞர் ஜான் வாலிஸ், இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் 1653இலேயே அதை மறுத்துவிட்டார். பெண்பாலுக்கும் பன்மைக்கும் அதே ‘எஸ்’ வரும்போது ‘அவனுடைய’ என்ற சொல் அங்கே எப்படி ஒளிந்திருக்க முடியும்? பன்மையைச் சான்றாகக் கொண்டுவந்த வாலிஸை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பிரபுக்கள் அவையை ‘லார்ட்ஸ் ஹவுஸ்’ என்று உடைமைப் பன்மையில் சொல்லலாம் என்பதும் வாலிஸின் கருத்து. நூறாண்டு கழித்து, 1755இல், சாமுவேல் ஜான்சன் தம் அகராதியின் முன்னே வைத்த இலக்கணத்தில் இதை ஏற்க மறுத்தார். எஸ்ஸில் முடியும் பன்மைகளுக்கு உடைமை வடிவமே இல்லை என்றார். அப்படிப்பட்ட தொடர்கள் வழக்கில் இல்லை, ஆங்கிலக் காது அவற்றை எதிர்க்கும் என்றார். அதே மூச்சில், ஆண்களின், பெண்களின் என்னும் பொருளில் ‘மென்ஸ்’, ‘விமென்ஸ்’ என்பவை வழங்குவதையும் ஒப்புக்கொண்டார். ஆங்கிலத்தின் மிகக் கூர்மையான செவிகளுள் ஒன்றுக்கு, 18ஆம் நூற்றாண்டின் நடுவில், உடைமைப் பன்மை என்று தனியே ஒன்று கேட்கவில்லை. கேட்ட இடம் ‘மென்’, ‘விமென்’ போன்ற ஒழுங்கற்ற பன்மைகளில் மட்டும்தான்.

அச்சு அதைத் தீர்த்துவைத்தது. எஸ்ஸுக்குப் பின் குறியிடும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவி, லிண்ட்லி மர்ரியின் 1795ஆம் ஆண்டு இலக்கணத்தில் விதியானது: பன்மை எஸ்ஸில் முடிந்தால் இரண்டாவது எஸ் விழும், குறி மட்டும் நிற்கும். கழுகுகளின் சிறகுகளும் துணி வணிகர்களின் சங்கமும் அவர் தந்த எடுத்துக்காட்டுகள். அன்றுமுதல் ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மை பிரதர்ஸ்’ என்ற இரட்டை உடைமையிலும், பெற்றோர் வீட்டைக் குறிக்கும் ‘அட் மை பேரண்ட்ஸ்’ என்பதிலும், முன்னிடைச்சொல்லுக்குப் பின் நிற்கும் பன்மை எதுவென்பதைக் கண் கண்டுகொள்கிறது. கேம்பிரிட்ஜின் குவீன்ஸ் கல்லூரியில் குறி எஸ்ஸுக்குப் பின் வருகிறது, ஏனெனில் அதைப் புரந்த அரசியர் இருவர். ஆக்ஸ்ஃபர்டின் குவீன்ஸ் கல்லூரியில் எஸ்ஸுக்கு முன். இரண்டில் எங்கே படித்தார் என்பதை ஒருவர் வாயால் சொல்லும்போது இந்த வேறுபாடு ஒலிக்காது.

ஜெரண்ட் பற்றிய சர்ச்சையும் இதே காலத்தில் எழுந்தது. மர்ரியின் நூலில் ஒரு குதிரை வருகிறது. முன்னிடைச்சொல்லுக்குப் பின் குதிரையை உடைமையில் வைத்து ‘இன்று என் குதிரையின் ஓட்டம் எப்படி’ என்று கேட்டால் குதிரை ஓடிவிட்டது என்று பொருள். உருபின்றிக் கேட்டால் ஓடவிடுவது தகுமா என்று பொருள். அழகான பாகுபாடு. ஆனால் ஒரு குதிரைக்கு மட்டுமே செல்லும். ‘ஹார்சஸ்’ என்று பன்மையாக்கினால் கேள்வி கேட்டவருக்கும் விடை சொல்பவருக்கும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சூழல்தான் சொல்ல வேண்டும்.

20ஆம் நூற்றாண்டில் வாதம் சூடுபிடித்தது. ஃபவுலர் சகோதரர்கள் 1906இல் வெளியிட்ட ‘த கிங்ஸ் இங்கிலீஷ்’ நூலில், உருபில்லாத அமைப்பை ‘ஃப்யூஸ்டு பார்ட்டிசிபிள்’ என்று பெயரிட்டுக் கண்டித்தார்கள். மூத்தவர் ஹென்றி ஃபவுலர் 1925இல் தூய ஆங்கிலச் சங்கத்தின் வெளியீட்டிலும், 1926இல் தம் புகழ்பெற்ற வழக்கு அகராதியிலும் மீண்டும் தாக்கினார். டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பெர்சன் 1926இல் அதே சங்க வெளியீட்டில் பதில் எழுதினார். நல்ல எழுத்தாளர்களின் வழக்கில் வேர்கொண்ட அமைப்பை அறியாமையின் விளைவு என்று ஒதுக்க முடியாது என்பது அவர் நிலை. வரலாற்றுச் சான்றில் வெற்றி யெஸ்பெர்சனுடையதே.

ஃபவுலர் தம் வாதத்துக்குத் தேர்ந்த எடுத்துக்காட்டு உற்றுப் பார்க்கத்தக்கது. பெண்கள் வாக்குரிமை பெற்றிருப்பது ஆண்களின் அரசியல் வலிமையைக் குறைக்கிறது என்ற வாக்கியம் அது. பிரிட்டனில் 30 வயது நிறைந்த பெண்களுக்கு, சில தகுதிகளோடு, 1918இல் வாக்குரிமை கிடைத்திருந்தது. பொருள் அன்றைய பேச்சுப்பொருள். ஆனால் இலக்கண நோக்கில் முக்கியம், ‘விமென்’ ஒழுங்கற்ற பன்மை என்பது. அதனால்தான் ‘விமென் ஹேவிங்’, ‘விமென்ஸ் ஹேவிங்’ என்ற வேறுபாட்டைக் காதால் கேட்க முடிந்தது. ‘கேர்ள்ஸ்’ என்று எழுதியிருந்தால் அவர் கண்டித்த அமைப்பும் பரிந்துரைத்த அமைப்பும் வாசித்துக் காட்டும்போது ஒன்றாகவே ஒலித்திருக்கும்.

ரென், மார்ட்டின் இருவரின் இலக்கணம் படித்து வளர்ந்த நம் நாட்டு மாணவர்களுக்கு ஜெரண்டுக்கு முன் உடைமை என்பது மனப்பாட விதி. குவர்க்கும் வேறு மூவரும் எழுதிய 1985ஆம் ஆண்டுப் பேரிலக்கணம் போன்ற விளக்க நூல்கள் நிலைமையை வேறாகக் காட்டுகின்றன: முறைசார் எழுத்தில் பிரதிப்பெயருக்கும் ஆளைக் குறிக்கும் பெயருக்கும் உடைமை விரும்பப்படுகிறது, நீண்ட தொடர்களிலும் அஃறிணைப் பெயர்களிலும் உருபில்லாத வடிவமே இயல்பு.

இதிலிருந்து ஆய்வுமுறை பற்றிய ஒரு முடிவு பிறக்கிறது. ஜெரண்டுக்கு முன் உடைமை எவ்வளவு, உருபின்மை எவ்வளவு என்று பழைய நூல்களில் எண்ணுபவர்கள், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முந்திய அச்சில் எஸ்ஸில் முடியும் பன்மைகளை இரண்டு பக்கத்திலும் சேர்க்கக் கூடாது. அங்கே குறி இல்லாததை உருபில்லாததாகக் கொண்டால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பிற்காலப் பதிப்பாசிரியர் செருகிய குறியை மூல ஆசிரியரின் தேர்வாகக் கொண்டால் மறுபக்கம் சாயும். பன்மையைப் பொறுத்தவரை ‘மென்’, ‘விமென்’, ‘சில்ட்ரன்’ போன்ற சில சொற்களே நம்பத்தக்க சாட்சிகள். அவற்றை மட்டும் தனியே தொகுத்து, நூற்றாண்டுவாரியாக ஒருமைப் பெயர்களோடு ஒப்பிட்டால், பன்மை முந்தியதா, ஒருமை முந்தியதா என்ற கேள்வியை ஊகத்துக்கு விடாமல் சோதித்துப் பார்க்கலாம்.