வெட்டி
கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகும் பஸ்சில் ஒருவர் நூறு நாள் வேலையை ‘வெட்டி வேலை’ என்று அலுத்துக்கொண்டார். வெட்டியாக உட்கார்ந்திருப்பவன் என்றால் இன்று சோம்பேறி. பழைய வெட்டியோ யாரையும் உட்கார விடாதது. சோழர் கல்வெட்டுகளில் அது கூலியின்றிச் செய்தே தீரவேண்டிய கட்டாய உழைப்பு. வடமொழி ‘விஷ்டி’யிலிருந்து வந்தது என்பார்கள், தெலுங்கிலும் வெட்டிதான், கன்னடத்தில் பிட்டி. அங்கே இப்போது அதற்கு ‘இலவசம்’ என்று பொருள், வேடிக்கைதான்! அந்த வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களுக்கு மலையாளிப் பழங்குடியினர் இப்படி உழைத்த காலம், 1976-இல் மலையை அரசு எடுத்துக்கொண்டபோதுதான் சட்டப்படி முடிந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டுதான். உழைத்தவனுக்கு ஒன்றும் மிஞ்சாத வேலை, நாளடைவில் ஒன்றுக்கும் உதவாத வேலையாகிவிட்டது போலும். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய, கூலி தரும் நூறு நாள் வேலைக்கு அந்தப் பெயர் ஒட்டாது. பழைய பொருளுக்கு ‘ஊழியம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டால் என்ன? திருவிதாங்கூரில் அதுவும் கூலியற்ற கட்டாய வேலையாகத்தான் இருந்தது. இன்றோ அரசு ஊழியருக்குச் சம்பளமும் பஞ்சப்படியும் உண்டு. ‘கூலியில்லா வேலை’ என்று நேராகச் சொல்லிவிடுவதே எனக்குப் பிடிக்கிறது. வாரக்கணக்கில் கூலி பாக்கி நின்றால் மட்டும் நூறு நாள் வேலைக்கும் அது பொருந்திவிடும்.