கடைமடை தேடும் 21 எழுத்து

ஜூன் 12 அன்று மேட்டூரில் மதகைத் திறந்தால் மறுநாள் பேப்பரில் படம் வந்துவிடும். பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை விவசாயி அதைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். தண்ணீர் கல்லணை வந்து, கல்லணைக் கால்வாயில் இறங்கி, வழியெல்லாம் பிரிந்தது போக மிச்சம் தன் வரப்பைத் தொட்டால்தான் அவர் கணக்கில் அது தண்ணீர். வெறும் 21 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. துண்டின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

முதலில் அது தலைகாட்டியது ஒரு பூவில். 1990-இல் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஜோர்கென்சனும் கரோலின் நப்போலியும், பெட்டூனியாவின் ஊதாவைக் கூட்டலாம் என்று நிறம் தரும் மரபணுவைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். பூத்ததோ வெள்ளை. புதிதாக வந்தது வேலை செய்யாததோடு, ஏற்கெனவே இருந்ததன் வாயையும் அடைத்துவிட்டது. காரணம் பிடிபட எட்டு வருஷம் ஆயிற்று. ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998-இல் கண்டுபிடித்தார்கள்: வாயடைப்பது இரட்டை இழை ஆர்.என்.ஏ. 2001-இல் ஜெர்மனியில் தாமஸ் டுஷ்லின் குழு, 21 எழுத்துத் துண்டு போட்டால் மனிதச் செல்லிலும் இது பலிக்கும் என்று காட்டியது. 2006-இல் ஃபயருக்கும் மெல்லோவுக்கும் நோபல்.

எப்படி வாயடைக்கிறது? மரபணுவைத் தாலுகா ஆபீஸ் பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடப்பதெல்லாம் நகலை வைத்துத்தான். அந்த நகல்தான் தூது ஆர்.என்.ஏ. செல்லுக்குள் நுழைந்த துண்டின் இரண்டு இழைகளில் ஒன்று கழற்றி எறியப்படும். மற்றது ஆர்கோநாட் என்ற புரதத்தின் கையில் போய் உட்காரும். தன் எழுத்துக்கு எழுத்து பொருந்தும் நகல் எதிர்ப்பட்டால், அந்தப் புரதம் நடுவில் ஒரே வெட்டு. பதிவேட்டில் கீறல்கூட விழாது; நகல் இல்லாததால் காரியம் நின்றுவிடும்.

நம் ஊர்ப் பயிர்களில் இந்த வித்தை கை வைத்தவற்றில் ஒன்று நெல். பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோய் வந்தால் இலை மஞ்சள் பாய்ந்து பயிர் குட்டையாகிவிடும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் இந்திரநீல் தாஸ்குப்தா குழு அந்த நோய்க்குக் காரணமான ஒரு வைரஸை வாயடைக்கும் நெல்லை உருவாக்கியது. அந்தப் பண்பைக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார், டெல்டாவில் குறுவைக்குப் போடும் குண்டு ரகமான ஏ.எஸ்.டி. 16-க்கு ஒட்டுச்சேர்க்கை மூலம் மாற்றி, ஆய்வு முடிவை 2016-இல் வெளியிட்டார்கள். விதைக்கடைக்கு அது வரவில்லை. ஆனால் நெல்லுக்கு ஒரு சௌகரியம் உண்டு: துண்டைச் செடியே தனக்குள் தயாரித்துக்கொள்ளும். சொந்தமாக போர்வெல் போட்டவன் ஆற்றை எதிர்பார்ப்பதில்லையே.

இதே வித்தையை மருந்தாக்கப் பார்க்கும் மார்பகப் புற்றுக் கட்டிக்கு அந்த வசதி கிடையாது; துண்டை வெளியிலிருந்துதான் அனுப்ப வேண்டும்.

மார்பகப் புற்றுநோயில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, ஹெர்-2 என்ற புரதம் செல்லின் மேல் அளவுக்கு மீறி முளைப்பதால் வெறிகொண்டு வளர்வது. அதன் தலையில் போய் உட்காரும் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு, ஃபயர்–மெல்லோ கட்டுரை வந்த அதே 1998-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய மருந்துதான். ஆனாலும் பலருக்கு நாளடைவில் கேட்பதில்லை. சிலருக்கு முதலிலிருந்தே கேட்பதில்லை. மருந்து உட்காரும் தலைப்பகுதியே இல்லாத மொட்டை ஹெர்-2-வைச் சில கட்டிகள் தயாரிப்பதும் ஒரு காரணம்.

முளைத்ததைப் பிடிப்பதற்குப் பதில் முளைக்கவே விடாமல் செய்தால்? அமெரிக்காவின் ஓரிகனில் வாசனா யந்தாசீயின் குழு 76 துண்டுகளைச் சோதித்து ஒன்றைப் பொறுக்கியது. 18 வகை ஹெர்-2 புற்றுச்செல்களில் போட்டுப் பார்த்தது. மருந்துக்கு மசியாத செல்களும் இதற்கு மசிந்தன. நெடுநாள் கொடுத்தும் எதிர்ப்பு எளிதில் தலைதூக்கவில்லை. டிராஸ்டுசுமாப் எடுபடாத கட்டி வைத்த எலிகளில் கட்டியின் வளர்ச்சி குறைந்தது. 2016-இல் வந்த முடிவு இது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று: மருந்தை ஏமாற்றிய பிறகும் அந்தச் செல்கள் ஹெர்-2-வை நம்பித்தான் பிழைக்கின்றன.

எலிக்குள் அது போனது வண்டி ஏறி. வெறும் துண்டை ரத்தத்தில் விட்டால் நொதிகள் நிமிஷங்களில் தின்றுவிடும். தப்பியதைச் சிறுநீரகம் வடித்துவிடும். அதனால் சுமார் 50 நானோமீட்டர் சிலிக்கா உருண்டை, மேலே துண்டைப் பிடித்துக்கொள்ள ஒரு பூச்சு, வழிகாட்ட அதே டிராஸ்டுசுமாப். சிலிக்கா என்றதும் மிரள வேண்டாம். ரைஸ்மில் பாய்லரில் உமி எரிந்து மிஞ்சும் சாம்பலில் பெரும்பங்கு அதுதான். ஓரிகன்காரர்கள் ரசாயனத்திலிருந்து செய்தார்கள் என்றாலும், உமிச் சாம்பலிலிருந்தும் இப்படி நுண்துளைச் சிலிக்காவை ஆய்வகங்களில் எடுத்திருக்கிறார்கள். தஞ்சாவூரை ஒட்டி திருமலைசமுத்திரத்தில் உள்ள சாஸ்த்ராவின் நானோ மையத்திலும் மருந்து சுமக்கும் நுண்துகள்களில் ஆராய்ச்சி நடக்கிறது.

இந்தக் குட்டித் துண்டுக்கு எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. என்று பெயர். 2018-இல் பட்டிசிரான் என்ற முதல் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. மருந்து வந்தது. அது வேலை செய்வது கல்லீரலில். பின்னால் வந்த கொழுப்பைக் குறைக்கும் இன்கிளிசிரானும் அங்கேதான். ரத்தத்தில் போகிற பலவற்றையும் கல்லீரல் வாரிப் பிடிக்கும். தலைமடை வயல் அது; மார்பகக் கட்டியோ கடைமடை. மார்பகப் புற்றுநோய்க்கு இந்த வகையில் அனுமதி பெற்ற மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை. ஆகவே "மரபணுவை அடக்கும் ஊசி இருக்கிறது" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கட்டி கையில் தட்டுப்பட்டால் அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.