முதல் சோறும் முதல் இனிப்பும்

பாலுக்கு அடுத்தபடியாகக் குழந்தை உண்ணும் முதல் கவளம் இனிப்பாக இருக்க வேண்டும் என்பது தென்னிந்தியக் குடும்பங்கள் பலவற்றில் ஊறிப்போன வழக்கம். அன்று வீட்டில் சர்க்கரைப் பொங்கலோ பாயசமோ வைப்பார்கள். ஊரும் உறவும் உண்ணப்போகும் அதே இனிப்பிலிருந்து விரல்நுனி அளவு எடுத்து, தாத்தாவோ தாய்மாமனோ குழந்தையின் நாவில் வைப்பார். குழந்தைக்கென்று தனிப் பாத்திரம் கிடையாது. குடும்பத்தின் பாத்திரத்திலிருந்தே அதற்கும் ஒரு பங்கு என்பதுதான் இந்த வழக்கத்தின் உயிர். அன்னப்பிராசனம் என்றும் சோறூட்டு என்றும் இதைச் சொல்வார்கள்.

ஆனால் இனிப்பு தொடக்கத்திலிருந்தே இவ்வளவு முதன்மை பெற்றிருக்கவில்லை. இச்சடங்கை விவரிக்கும் மிகப் பழைய நூல்கள், வீட்டுச் சடங்குகளை வகுக்கும் கிருஹ்ய சூத்திரங்கள். அவற்றுள் ஒன்றின் ஆசிரியரான ஆசுவலாயனர் ஆறாம் மாதத்தைக் குறிக்கிறார். ஆட்டிறைச்சி, கவுதாரி இறைச்சி, நெய்ச்சோறு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பலனைச் சொல்லி, தயிரும் தேனும் நெய்யும் கலந்த சோற்றை ஊட்டச் சொல்கிறார். இன்னொன்றின் ஆசிரியரான பாரஸ்கரர் இன்னும் ஒரு படி போய், எல்லாச் சுவைகளையும் எல்லா உணவுகளையும் ஓரிடத்தில் சேர்த்து ஊட்டச் சொல்கிறார். அவர் பட்டியலில் மீனும் உண்டு. பெரியவர்கள் உண்பது முழுவதையும் குழந்தைக்கு அறிமுகப்படுத்துவதே அன்றைய நோக்கம். இனிப்பு அதில் தேன் வழியாக வந்த ஒரு சுவை மட்டுமே. இறைச்சி விலகி, பாயசம் நடுவிடத்துக்கு வந்தது பிற்காலத்தில்.

மருத்துவ நூல்களின் பார்வை வேறு. ஆறாம் மாதத்தில் எளிதில் செரிக்கும் நல்ல உணவைத் தரலாம் என்கிறது சுசுருத சங்கிதை. காசியப சங்கிதை இன்னும் பொறுமை காட்டுகிறது: ஆறாம் மாதம் பழம், பத்தாம் மாதம் சோறு. ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில்தான் வியப்பூட்டும் ஒரு செய்தி கிடைக்கிறது. தாய்ப்பால் மறந்த குழந்தைக்கென்றே அவர் ஓர் இனிப்பு உருண்டையை விதிக்கிறார்: சாரப்பருப்பு, அதிமதுரம், நெற்பொரி, தேன், கற்கண்டு சேர்த்துப் பிடித்தது. செரிமானம் மந்தமான குழந்தைக்கு வில்வப் பிஞ்சு, ஏலம், சர்க்கரை, பொரிமாவு கலந்த வேறோர் உருண்டை. பால் நின்றதும் குறையும் கொழுப்பையும் வலுவையும் பருப்பாலும் பொரியாலும் ஈடுகட்டும் கணக்கு முதல் உருண்டையில் தெளிவாகத் தெரிகிறது. குழந்தையை மகிழ்விக்க மட்டும் செய்த பண்டம் அல்ல அது.

சங்கத் தமிழிலும் குறளிலும் சடங்கைவிட உணவைப் பங்கிடும் காட்சியே முன்னால் நிற்கிறது. பாண்டியன் அறிவுடைநம்பியின் புறநானூற்றுப் பாடலில் (188) சிறு குழந்தை நெய்ச்சோற்றைத் துழாவி உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. திருக்குறளில் (64) குழந்தையின் கை அளைந்த கூழ் அமிழ்தைவிட இனிக்கிறது. இரண்டும் வீட்டார் உண்ணும் உணவு. இரண்டிலும் சர்க்கரை இல்லை. கரும்பு அப்போது தமிழகத்துக்கு வந்துவிட்டிருந்தது. அதியமானின் முன்னோர் அதைக் கொண்டுவந்ததாக ஔவையாரின் பாடல் (புறம் 99) கூறுகிறது. ஆயினும் எளியவர் வீட்டுக் குழந்தைக்கு நெடுங்காலம் கிடைத்த இனிப்பு தேனும், பிறகு கருப்பட்டியும் வெல்லமும்தான். ஊரில் மதிப்புள்ள பெரியவர் ஒருவர் பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டு வைக்கும் ‘சேனை வைத்தல்’ தென் மாவட்டங்களில் இன்றும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் சோறு தீத்துவதோடு (ஊட்டுவதோடு) இனிப்பு நின்றுவிடுவதில்லை. முதல் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார்கள். உள்ளே பயறு, சர்க்கரை, தேங்காய்ப்பூ. விளிம்பில் பல் வரிசைபோலத் தேங்காய்ச் சொட்டுகளைக் குத்தியிருப்பார்கள். குழந்தையை இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்துக் கொழுக்கட்டைகளை மெல்லக் கொட்டுவார்கள். முன்னால் புத்தகம், பேனா, பொன் போன்றவற்றைப் பரப்பி, குழந்தை எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். கொட்டிய கொழுக்கட்டையைத் தின்பவர்கள் பெரும்பாலும் சுற்றி நிற்கும் பிள்ளைகளும் அயலவர்களும்தான்.

கேரளத்தில் இச்சடங்கு கோயிலோடு பிணைந்தது. குருவாயூரில் நடக்கும் சோறூணுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் குடும்பங்கள் போகின்றன. சோறும் பாயசமும் பழமும் இலையில் இருக்கும். ஆனால் அந்த இலை எல்லாச் சாதிக் குழந்தைகளுக்கும் கிடைத்த காலம் மிக அண்மையானது. 1931இல் கேரளத் தலைவர் கேளப்பன் முன்னின்று நடத்திய கோயில் நுழைவுச் சத்தியாகிரகத்துக்குப் பிறகும் கோயிலின் கதவு ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் திறக்கவில்லை, 1947இல்தான் திறந்தது. சோறூட்டின் வரலாற்றை எழுதும்போது இதை விட்டுவிடுவது நேர்மையாகாது. தென்னாட்டுக்கு வெளியே, வங்காளத்தில் தாய்மாமன் பாயசம் ஊட்டும் ‘முகே பாத்’, நேபாளத்தின் ‘பாஸ்னி’ ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்த சடங்குகள்.

சடங்கு முடிந்த மறுநாளிலிருந்து குழந்தைக்குக் கிடைத்தது கேழ்வரகுக் கூழோ அரிசிக் கஞ்சியோ. கேரளத்தில் குன்னன் வாழைக்காய்ப் பொடியைப் பனங்கற்கண்டோ கருப்பட்டியோ சேர்த்துக் காய்ச்சிய குறுக்கு. வறுமையில் அதுவும் போதாமல் போனது. 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, வளர்ச்சி தடைப்பட்டவர்களுக்கு ஓர் இனிப்பு உருண்டை கொடுத்தது. தானியமும் பயறும் வெல்லமும் சேர்ந்த அந்த லட்டைக் கிராமத்து மகளிர் குழுக்களும் செய்தன. வாக்படரின் உருண்டைக்கும் இதற்கும் இடையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தாலும், இரண்டும் எதிர்கொண்ட சிக்கல் ஒன்றுதான்: பால் மட்டும் போதாத வயது.

வெள்ளைச் சர்க்கரை மலிவானபோது இந்த வழக்கத்தின் அளவு மாறியது. விசேஷ நாளில் நாவில் தொட்டு வைத்தது, அன்றாடம் பாலிலும் பிஸ்கட்டிலும் வரத் தொடங்கியது. பல் சொத்தையும் உடல் பருமனும் கவலையாயின. தேனுக்கும் ஒரு தடை வந்தது. 1976இல் கலிஃபோர்னியாவில் கைக்குழந்தைகளிடம் பாட்டுலிசம் என்னும் நோய் கண்டறியப்பட்டது. அதைத் தரும் நுண்ணுயிரின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும் என்பதால், ஒரு வயது வரை தேன் கூடாது என்பது இன்று மருத்துவர்களின் உறுதியான அறிவுரை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று 2001 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவருகிறது. அதன் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இரண்டு வயது வரை சர்க்கரை மிகுந்த உணவையும் இனிப்புப் பானங்களையும் தவிர்க்கச் சொல்கிறது. வெல்லமும் கருப்பட்டியும் இந்தக் கணக்கில் சர்க்கரையே. பாட்டி கைப்பட வைத்தது என்பதால் அவற்றுக்கு விலக்கு இல்லை. ஆகவே குழந்தைக்கான பங்கை வெல்லம் சேர்க்கும் முன்பே பொங்கல் பானையிலிருந்து எடுத்து, மசித்த வாழைப்பழத்தோடு ஊட்டுவது பானையையும் பங்கையும் காத்துக்கொண்டே இந்த அறிவுரையையும் பின்பற்றும் வழி. காசியப சங்கிதை ஆறாம் மாதத்துக்குச் சொன்னதும் பழத்தைத்தான்.